கலப்பையும் சுமைதாங்கியும்



இன்றைய இலக்கியப் பேச்சை ஒரு கடையின் வாசலிலிருந்து தொடங்கப்போகிறேன். இலக்கியம் கேட்கலாம் என்று வந்தால் இந்த மனிதர் கடை விளம்பரம் செய்கிறாரே என்று வானொலிப் பெட்டியின் காதைத் திருகிவிட வேண்டாம். சற்றுப் பொறுத்தருளுங்கள். கடைக்குள்ளே நுழைந்து பத்துப்பாட்டு வழியாக வெளியே வரலாம் என்பது என் உத்தேசம்.

தீவுப்பகுதியிலே எங்களுக்கு ஒரு நடைக் கூட்டம் உண்டு. சங்கம் என்று சொல்லமாட்டேன். தலைவர் இல்லை, பொருளாளர் இல்லை, ஆகவே சண்டையும் இல்லை. போயா தினங்களில் பள்ளிக்கூடமும் கந்தோரும் பூட்டியிருக்கும் அல்லவா? அன்றைக்கு விடியற்புறத்தில் ஏழெட்டுப் பேர் கூடி நடப்போம். வேலணையிலிருந்து ஊர்காவற்றுறைக்கு ஒருநாள். புங்குடுதீவை ஊடறுத்துக் குறிகட்டுவான் துறைக்கு இன்னொருநாள். படகேறி நெடுந்தீவில் இறங்கி முருகைக்கல் வேலிகளுக்கிடையே ஒருநாள். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், ஆஸ்பத்திரித் தாதி ஒருவர், உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், தமிழ் வாத்தியாராகிய நான், அவ்வப்போது எங்களோடு ஒட்டிக்கொள்ளும் பழைய மாணவர்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் இதனை 'ஹைக்கிங்' என்கிறார்கள். ஊர்ச்சனம் 'வேலையில்லாத வேலை' என்கிறது. இரண்டும் சரிதான்.

2023ஆம் ஆண்டு தை மாதம் ஒரு கருத்தரங்குக்காகச் சென்னைக்குப் போகவேண்டி வந்தது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் மறுபடி பறக்கத் தொடங்கி ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. ஏறி அமர்ந்தால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சென்னை. கொழும்புக்குப் போவதென்றால் ஓர் இரவு முழுவதும் பஸ்ஸில் குந்தியிருக்க வேண்டும். அவ்வகையிலே சென்னைதான் எங்களுக்குப் பக்கத்து ஊர். விசாவையும் ரிக்கற் காசையும் கணக்கில் எடுக்காவிட்டால்.

நான் போகிற செய்தி கேட்டதும் நடைக் கூட்டத்தார் ஒரு பட்டியல் தந்தார்கள். சென்னையிலே டெக்கத்லோன் என்று பெரிய கடை இருக்கிறதாம், நடப்பவர்களுக்கு வேண்டியதெல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்குமாம் என்று பழைய மாணவன் ஒருவன் சொல்லிவிட்டிருந்தான். தாதிக்குக் கொப்புளம் போடாத சப்பாத்து. உடற்கல்வி ஆசிரியருக்கு நெற்றியிலே கட்டும் ரோச். தபாலதிபர் மட்டும் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, முதுகு நோகாத பை இருந்தால் விலை கேட்டுக்கொண்டு வாரும். வாங்க வேண்டாம்."

அந்தக் கடையைப் பற்றி இரண்டொரு வார்த்தை. பிரான்சின் வடக்கே லீல் நகருக்கு அருகில் 1976இல் தொடங்கியது. இந்தியாவிலே 2009இல் பெங்களூரில் முதற் கடை போட்டார்கள். பிறகு சென்னைக்கும் வந்தது. உள்ளே போனபோது எனக்குப் பெரிய களஞ்சியத்துக்குள் புகுந்தது போலிருந்தது. ஒரு பக்கம் சைக்கிள். ஒரு பக்கம் நீச்சல் உடுப்பு. மலையேறுவோருக்கென்று ஒரு பக்கம். பிள்ளைகள் உள்ளேயே பந்தடிக்கிறார்கள், ஒருவரும் அதட்டவில்லை. சப்பாத்தைப் போட்டு நடந்து பார்க்கலாம். பையைத் தோளில் மாட்டிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்க்கலாம். விலைச் சீட்டைப் பார்த்து இந்திய ரூபாயை ஏறத்தாழ நாலரையால் பெருக்கி நம்முடைய காசாக்கியபின், மாட்டிய பையைக் கழற்றி இருந்த இடத்திலேயே வைக்கலாம். இந்தக் கடைசி வேலையை நான் நாலைந்து தரம் செய்தேன்.

ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும். அந்தப் பைகள் நல்ல பைகள். பாரத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கிவிடும் பட்டி வைத்திருக்கிறார்கள். முதுகுக்கும் பைக்கும் இடையே காற்றுப் போக வலை கட்டியிருக்கிறார்கள். மனிதன் எப்படிச் சுமக்கிறான் என்று யாரோ ஒருவர் இருந்து யோசித்திருக்கிறார். அங்கே நின்றபடி எனக்கு ஒரு சொல் நினைவு வந்தது: கலப்பை.

கலப்பை என்றால் நாங்கள் உழுகிற கலப்பையைத்தான் நினைப்போம். சங்கப் பாட்டிலே இன்னொரு கலப்பை இருக்கிறது. கலம் வைக்கும் பை, கலப்பை. கலம் என்பது இங்கே இசைக்கருவி. மலைபடுகடாம் அந்தப் பையோடுதான் தொடங்குகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, குழல் என்று கூத்தர்கள் கொண்டுசெல்லும் கருவிகளையெல்லாம் வரிசையாகச் சொல்லி, அவை பைகளில் இடப்பட்டுத் தோளிலே தொங்குவது பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவது போல இருந்தது என்கிறார் பெருங்கௌசிகனார். சென்னைக் கடையின் சுவரிலே பைகள் தொங்கியதைப் பார்த்தபோது எனக்கும் பலாமரந்தான் நினைவில் வந்தது. கவி பார்த்த பார்வை இரண்டாயிரம் வருடமாகியும் பழுதாகவில்லை.

ஒன்று கவனித்தீர்களா? அந்தக் கூத்தர் பையில் இருப்பதெல்லாம் வாத்தியம். சோற்றுக்கும் தண்ணீருக்கும் படுக்கைக்கும் அதிலே இடமில்லை. புறநானூற்றிலே அதியமான் பரிசில் தரத் தாமதித்தபோது ஔவையார் கோபித்துக்கொண்டு வாயில் காப்போனிடம் சொல்லும் பாட்டு ஒன்று இருக்கிறது. அங்கேயும் அவர் கருவிகளைக் கட்டுகிறார், கலப்பையைச் சுருக்குகிறார், புறப்படுகிறார். கட்டுச்சோறு கேட்கவில்லை. எந்தத் திக்கிலே போனாலும் எனக்கு உணவு கிடைக்கும் என்ற துணிவு அந்தப் புலவருக்கு இருக்கிறது. அதனைப் புலமைச் செருக்கு என்று வகுப்பிலே சொல்லிக் கொடுக்கிறோம். அது சரி. ஆனால் அந்தச் செருக்குக்கு அடியில் வேறொன்றும் இருக்கிறது. வழி தன்னைக் கைவிடாது என்பது நடக்கிறவளுக்குத் தெரிந்திருந்தது.

சப்பாத்துப் பகுதியிலே நின்ற இளைஞர், "எவ்வளவு தூரம் சார் நடப்பீங்க? கொப்புளம் வருமா?" என்று கேட்டார். கொப்புளமா! தம்பி, பொருநராற்றுப்படையிலே வருகிற பாடினிக்கு வந்த கொப்புளம் உமக்குத் தெரியுமா என்று கேட்க நாக்கு உன்னியது, அடக்கிக்கொண்டேன். பருக்கைக் கற்களிலே நடந்து நடந்து அவள் பாதத்திலே நீர் கட்டிய கொப்புளங்கள் மரற்பழம் பழுத்தாற்போல் இருந்தன என்று முடத்தாமக்கண்ணியார் பாடுகிறார். அந்த நோவுக்குப் பயந்து உச்சிப்பொழுதிலே நடக்காமல் ஒதுங்கியிருந்தாளாம். காலணிக் கடை இல்லாத காலத்தில் அவள் கண்ட வைத்தியம் அதுதான்: வெயிலேற முன் நடப்பது, ஏறியபின் நிழலிலே இருப்பது. அதற்கு வழியிலே ஒரு மரம் வேண்டும்.

நானும் கொப்புளத்துக்குப் பழக்கப்பட்டவன்தான். 2018இல் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனேன். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்தே நடந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றரை மாதத்துக்கு மேலாகும். அத்தனை நாள் லீவு வாத்தியாருக்கு யார் தருவார்கள்? பொத்துவிலுக்குப் பஸ்ஸிலே போய், உகந்தை முருகன் சந்நிதியிலே அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன். உகந்தைக்கு அப்பால் குமண, யால காடுகள். கதிர்காமத் திருவிழாவை ஒட்டி அந்தக் காட்டுப் பாதையைச் சில நாட்கள் திறந்துவிடுவார்கள். நாங்கள் ஐந்து நாள் நடந்தோம். குமுக்கனாறு, வியாழை, கட்டகாமம் என்று அந்தப் பெயர்கள் இன்றைக்கும் என் காலிலே இருக்கின்றன. உள்ளே கடை கிடையாது. அரிசி, பருப்பு, மருந்து எல்லாம் தலையிலும் தோளிலும் போகவேண்டும்.

என்னிடம் நல்ல பை ஒன்று இருந்தது. கனடாவிலிருந்து மைத்துனர் அனுப்பியது. எனக்கு முன்னால் ஓர் ஆச்சி நடந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. கையிலே பனையோலை உமல் ஒன்று. அதற்குள்ளே மாற்றுச் சேலை, திருநீற்றுப் பை, கொஞ்சம் பொரிவிளாங்காய், பனாட்டுத் துண்டு. கால் வெறுங்கால். இரண்டாம் நாள் மத்தியானம் என் குதிக்கால் இரண்டும் உரிந்துபோய் மரத்தடியில் இருந்தபோது அந்த ஆச்சி திரும்பி வந்து உமலைத் திறந்து பனாட்டை நீட்டினார். "தின், மேனை. முருகன் ஓடிப்போகமாட்டான்" என்றார்.

இதைச் சொல்வதனால் வெறுங்காலே மேல், பனையோலையே மேல் என்று நான் வாதாடுவதாக எண்ணவேண்டாம். அந்த ஆச்சிக்கும் நல்ல செருப்பு ஒரு சோடி கிடைத்திருந்தால் நோவு குறைந்திருக்கும்; நேர்த்தியின் பொருட்டு அவர் போட்டிருக்கமாட்டார், அது வேறு. எங்கள் தாதி இந்த விஷயத்திலே என்னை விட்டுவைக்கமாட்டார். "சேர், கவிதை சொல்லிக் கொப்புளம் ஆறாது. நாள் முழுக்க வார்ட்டிலே நிற்கிற கால் இது. எனக்குச் சப்பாத்துத்தான் வேணும்" என்பார். அவர் சொல்வது நியாயம். அவருடைய சப்பாத்தை வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

ரோச் விளக்குப் பகுதியை விரைவாகக் கடந்துவிட்டேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு பற்றரி வருவது தடை. ஜாம் போத்தலுக்குள் திரியிட்டுப் படித்த பிள்ளைகளில் நானும் ஒருவன். பற்றரிகள் மாலைபோலத் தொங்குவதைக் கண்டால் இப்போதும் ஒன்றிரண்டை எடுத்துப் பைக்குள் போடச் சொல்கிறது கை.

கூடாரப் பகுதியிலேதான் கால் நின்றுவிட்டது. வட்டமாக மடித்த கூடாரம் ஒன்று. கட்டை அவிழ்த்து எறிந்தால் தானாகவே விரிந்து நின்றுவிடும். இரண்டு விநாடி போதும் என்று எழுதியிருந்தார்கள். ஓர் இளம் சோடி அதற்குள் புகுந்து படுத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் சிரிப்பிலே பிழையில்லை. எனக்குத்தான் வேறு கூடாரம் கண்ணுக்குள் வந்தது. என் தமக்கையின் குடும்பம் வன்னியிலிருந்து வந்து 2009இலே செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளின் கீழ் இருந்தது. மத்தியானத்தில் உள்ளே இருக்கமுடியாத வெக்கை. மழையென்றால் பாயின் கீழே வெள்ளம். அந்த முகாம் மூடப்பட்டது 2012 புரட்டாதியிலே.

ஊருக்குத் திரும்பியபின் அக்காவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். இரண்டு விநாடியில் விரியும் என்றேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்: "மடிக்க எவ்வளவு நேரமெடுக்கும்?"

நான் பதில் சொல்லவில்லை.

இனி அந்த மலைநடைப் பொருள்களுக்கு இட்டிருந்த பெயருக்கு வருகிறேன். பைகளிலும் கூடாரங்களிலும் 'கெச்சுவா' என்று எழுதியிருந்தது. கெச்சுவா என்பது தென்னமெரிக்காவின் அந்தீசு மலையிலே வாழும் ஒரு மக்களின் பெயர், அவர்கள் மொழியின் பெயர். இன்கா அரசர்களின் காலத்துப் பேச்சு மொழி அது. அந்த மக்களிடம் குதிரையும் இல்லை, வண்டிச் சில்லும் இல்லை. இலாமா என்ற மிருகம் கொஞ்சம் சுமக்கும், மீதியை மனிதர் முதுகு சுமக்கும். அப்படியிருந்தும் ஆயிரக்கணக்கான மைல் நீளத்துக்கு மலைப்பாதை போட்டார்கள். 2014இல் யுனெஸ்கோ அந்தப் பாதையை உலக மரபுரிமையாக அறிவித்தது. பாதை நெடுகிலும் இடையிடையே 'தம்போ' என்று தங்குமடங்களைக் கட்டி, உணவும் உடையும் சேமித்து வைத்திருந்தார்கள். செய்தி கொண்டு ஓடுவோர் ஒருவருக்கொருவர் கைமாற்றி ஓடினார்கள். ஆக, அந்த மக்களுடைய பெரிய கெட்டித்தனம் அவர்கள் சுமந்த பையிலே இருக்கவில்லை, பாதையிலே இருந்தது. பெயரைப் பைக்குக் கொண்டுவர முடிந்தது. தம்போவை எந்தக் கடையிலே தொங்கவிடுவது?

நேயர்களே, நமக்கும் அந்தக் கெட்டித்தனம் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மேற்கே போகிற பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர் கூவுவார்: ஓட்டுமடம், ஆறுகால்மடம். எத்தனை பேர் அந்தப் பெயரிலே ஒரு மடம் இருப்பதை நினைக்கிறோம்? நடந்து வந்தவன் தங்கியதனால் வந்த பெயர்கள் இவை. பருத்தித்துறையிலே வீதியையே கூரைக்குள் அடக்கிக் கட்டிய தெருமூடிமடம் இன்றும் நிற்கிறது; வெயிலோ மழையோ, வீதியால் போகிறவன் அதனுள்ளே புகுந்துதான் வெளிவரவேண்டும். மடத்தோடு கிணறு. மாடு குடிக்கக் கேணி. கேணியடியிலே மாடு முதுகு உரஞ்ச ஆவுரஞ்சிக் கல். மனிதனுக்குச் சுமைதாங்கி.

சுமைதாங்கியை இன்றைய பிள்ளைகள் காணவில்லை. நட்ட கல் இரண்டு, அவற்றின் மேலே கிடையாக ஒரு கல், ஆளின் தோளுயரம். தலைச்சுமையோடு வருகிறவன் ஒருவரையும் கைகொடுக்கக் கேட்காமல் சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு நிற்கலாம். பிறகு ஒருவர் உதவியுமின்றித் தலைக்கு வாங்கலாம். குனிந்து நிலத்தில் வைத்தவனால் தனியே தூக்கமுடியாது என்பது சுமந்தவனுக்குத்தான் தெரியும். இடுப்புக்குப் பட்டி வைத்த பிரெஞ்சுக்காரனைப் போலவே இந்தக் கல்லை யோசித்தவனும் மனிதன் சுமப்பதைக் கவனித்தவன். பிள்ளைச்சுமையோடு இறந்துபோன பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது நம் வழக்கம். அவள் இறக்கிவைக்க முடியாமற்போன சுமைக்காக, வழியில் போகிறவர் எல்லாருடைய சுமையையும் அந்தக் கல் வாங்கிக்கொள்ளும்.

ஒரு சுமைதாங்கியை நான் நன்றாக அறிவேன். 1991இல் தீவுப்பகுதியை விட்டு வந்த எங்கள் குடும்பம் மானிப்பாய்ப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி, வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது எனக்குப் பதினாலு வயது. மழை. ஐயா சைக்கிளை உருட்டினார். கரியரிலே அப்பாச்சி. பாரிலே அரிசிச் சாக்கு. அம்மாவின் தலையிலே கடகம். என் முதுகிலே, கோதுமைமாச் சாக்கை வெட்டிச் சேலைக் கரையைப் பட்டியாக வைத்து அம்மா தைத்த பை. சென்னைக் கடையிலே பையை மாட்டிக் கண்ணாடி பார்த்தபோது என் தோள் நினைத்துக்கொண்டது அந்தச் சேலைக் கரையைத்தான். ஐயாவின் தோளிலே ஒரு தகரப் பெட்டி. அவரும் வாத்தியார். பெட்டிக்குள்ளே புத்தகங்கள்.

நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட எத்தனை மணித்தியாலம் எடுத்ததென்று ஒருவரும் கணக்கு வைத்திருக்கவில்லை. நடந்தோம் என்பது பிழை. நின்றோம், ஓரடி வைத்தோம், நின்றோம். விடியும்போது கைதடியைத் தாண்டியிருந்தோம். வீதியோரத்திலே ஒரு சுமைதாங்கி. அதற்கு ஒரு வரிசை நின்றது. சங்கக்கடைக்கு நின்றது போல, ஆஸ்பத்திரியில் துண்டுக்கு நின்றது போல, சுமைதாங்கிக்குச் சனம் வரிசையிலே நின்றது. சுமையை வைப்பார்கள், நாலு மூச்சு விடுவார்கள், எடுத்துக்கொண்டு விலகுவார்கள். அப்பாச்சி சைக்கிளில் இருந்தபடியே அந்தக் கல்லைப் பார்த்துக் கையெடுத்தார். எங்கள் முறை வந்தது. ஐயா பெட்டியை மேலே தள்ளிவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்றவர், "அண்ணை, எடுங்கோ, நாங்களும் வைக்கோணும்" என்றார். குரலிலே கோபமில்லை. ஐயா பெட்டியை எடுத்தார். தோளுக்கு வாங்கவில்லை. கல்லின் காலடியிலே நிலத்தில் இறக்கிவைத்தார். சைக்கிளைப் பிடித்தார். நடந்தோம்.

அந்தப் பெட்டியைப் பற்றி ஐயா பிறகு ஒருநாளும் கதைத்ததில்லை. வெகுகாலத்துக்குப் பிறகு அம்மாவிடம் கேட்டேன், அதற்குள் என்ன இருந்ததென்று. காணி உறுதி தன் மடியிலே இருந்ததாம். பெட்டியில் ஐயாவின் தமிழ்ப் புத்தகங்களும் தங்கள் கலியாணப் படமும் என்றார்.

சென்னையிலிருந்து திரும்பிய முதற் போயாவன்று பண்ணைப் பாலத்தால் நடந்தோம். இரு பக்கமும் கடல். மேலே சூரியன். மண்டைதீவுச் சந்தி வரும்வரை தலையை வைக்க நிழல் இல்லை. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிற வாணர் தாம்போதியும் அப்படித்தான். வானமும் தண்ணீரும் வீதியும். தபாலதிபர் நின்று போத்தலைத் திறந்துகொண்டே கேட்டார்: "தம்பி, அந்தக் கடைக்காரன் யாழ்ப்பாணத்தில் ஒரு கிளை திறந்தால் எப்படி?" 2013இலே ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் ஸ்குயர் திறந்தபோது நாங்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கப் போனவர்கள்தான், இதற்கும் போவோம். உடற்கல்வி ஆசிரியர் மகிழ்ச்சியோடு ஆமோதித்தார். பிள்ளைகள் வெளியே இறங்குவார்கள், கைத்தொலைபேசியைக் கீழே வைப்பார்கள் என்றார். எனக்கும் சம்மதம். திறக்கட்டும். என் மாணவர் பலர் அறுந்த பட்டியை ஊசியால் குத்திக்கொண்டு புத்தகம் சுமக்கிறார்கள்.

ஆனால் ஒன்று சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். வழியிலே தண்ணீர் இல்லையென்றால் பையிலே தண்ணீர் வேண்டும். தண்ணீர் வைக்கப் பெரிய பை வேண்டும். பெரிய பைக்கு இடுப்புப் பட்டி வேண்டும். நிழல் இல்லையென்றால் தொப்பி வேண்டும். மடம் இல்லையென்றால் கூடாரம் வேண்டும். வழி வெறுமையாக வெறுமையாகச் சுமை கூடும். சுமை கூடக் கூடக் கடை பெருக்கும். வாங்க வசதியுள்ளவன் நடப்பான். உமலோடு வருகிற ஆச்சி என்ன செய்வார்?

நயினாதீவுக்காரருக்கு இது புதிதன்று. மணிமேகலையிலே வரும் மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்வார் உண்டு; அறிஞரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை, அதற்குள் நான் புகவில்லை. அந்தக் காப்பியத்திலே பாத்திரம் இருப்பது பசித்து வருகிறவன் கையில் அன்று, இடுகிறவள் கையில். நாகபூசணி அம்மன் கோயிலடி அன்னதான மடத்துக்கு அமுதசுரபி என்று பெயர் வைத்தவர்கள் அதைச் சரியாக விளங்கிக்கொண்டவர்கள். ஆனித் திருவிழாவுக்குப் படகிலே போகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோவதில்லை. திருவிழாக் காலத்துத் தண்ணீர்ப் பந்தலையும் ஊறுகாய்த் தண்ணீரையும் நினைத்துப் பாருங்கள். பதினைந்து நாளைக்குச் செய்யத் தெரிந்ததை ஏன் பாலத்தடியில் வருடம் முழுவதும் செய்யக்கூடாது? இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. ஒரு தண்ணீர்த் தாங்கி, உவர்மண்ணிலே பிழைக்கக்கூடிய நாலு பூவரசு, குந்தியிருக்க ஒரு திண்ணை. தபாலதிபர் யோசித்துவிட்டு, தான் பை வாங்கவென வைத்திருந்த காசை முதலிலே தருவதாகச் சொன்னார். தாதி சப்பாத்துக் காலோடு நின்றுகொண்டு, "பாத்தியளே, நான் வாங்கினது வாங்கினதுதான்" என்றார்.

மறுபடியும் மலைபடுகடாம். அது ஒரு நடைகாரனின் கைநூல் என்று நான் மாணவருக்குச் சொல்வதுண்டு. முன்னே போய் வந்தவன் எதிரே வருகிறவனுக்கு வழி சொல்கிறான். தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் விர்ரென்று வரும், மரத்தின் பின்னே மறைந்து போங்கள். பாசி படர்ந்து அடி வழுக்குகிற இடத்திலே பக்கத்து மூங்கிலையும் கோரையையும் பற்றிக்கொண்டு போங்கள் என்கிறான். அவற்றுக்கு நடுவே ஒன்று சொல்கிறான், எனக்கு அந்நூலிலே மிகப் பிடித்த இடம். வழி பிரிகிற சந்து வந்தால், அதைத் துடைத்துச் செப்பஞ்செய்து, புல்லை முடிந்து அடையாளமிட்டுவிட்டுப் போங்கள் என்கிறான். நிற்கவே நேரமில்லாமல் பசியோடு பரிசிலுக்குப் போகிற கூத்தனிடம், பின்னால் வரும் தெரியாத ஒருவனுக்காக இந்த வேலையைச் செய்யச் சொல்கிறான்.

நெடுந்தீவிலே இதன் அருமை எங்களுக்குத் தெரிந்தது. அங்கே முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளுக்கிடையே ஒழுங்கைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஒருமுறை கட்டாக்காலிக் குதிரைகளைப் பார்க்கவென மேற்கே போய், பெருக்குமரத்தடிக்குத் திரும்புகிற வழியைத் தவறவிட்டோம். ஒரு வேலி, இன்னொரு வேலி, பனை, மறுபடி வேலி. கடைசிப் படகுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தோம். அடுத்த முறை போனபோது தபாலதிபர் ஒவ்வொரு சந்தியிலும் நின்றார். நாற்பது வருடம் மேல்விலாசம் பார்த்த மனிதர் அல்லவா? வேலிக் கல்லின் இடுக்கிலே முளைத்திருந்த புல்லைப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டு வந்தார். குதிரை தின்றுவிடுமே என்றேன். "தின்றால் திரும்பப் போடுவம்" என்றார்.

வருகிற போயாவுக்கும் நெடுந்தீவுதான். குறிகட்டுவான் துறையிலே காலைப் படகுக்கு நிற்போம். வர விரும்புகிற நேயர்கள் வரலாம். சப்பாத்து இருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் இருக்கிறதோடு வாருங்கள். ஒழுங்கைச் சந்தியிலே புல் முடிச்சுக் கண்டால் அவிழ்த்துவிட வேண்டாம்.